சில்வர் ஓக் வளைவதில்லை: அனமார்ஃபிக் லென்ஸ் படங்களைச் சீராக்குவது பற்றி

ஏற்காட்டில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் படம் எடுத்தேன். பிரிண்ட் போட்டு, சேலம் அம்மாப்பேட்டையில் இருக்கும் பெண் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெண்ணின் பாட்டி தன் படத்தைக் கையில் வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். "ஏங்கண்ணு, இது நாந்தானா? கன்னம் ரெண்டும் உப்பிக் கெடக்குதே" என்றார். குரலில் கோபம் இல்லை, நிஜமான சந்தேகம்தான் இருந்தது. அந்தப் படத்தை, காட்சியைப் பக்கவாட்டில் 1.33 மடங்கு அமுக்கிப் பதியும் அனமார்ஃபிக் லென்ஸில், அவருக்கு ஒரு மீட்டர் தூரத்தில் நின்று எடுத்திருந்தேன். லென்ஸின் மேல் எழுதியிருந்த எண்ணை அப்படியே போட்டுப் படத்தை விரித்திருந்தேன். பெருக்கலில் பிழை இல்லை. ஆனாலும் பாட்டி சொன்னதுதான் சரி.

இந்த லென்ஸை ஸ்டில் படத்துக்குப் பயன்படுத்தும் பலரும் நான் நின்ற இடத்தில்தான் நிற்கிறார்கள். லென்ஸில் 1.33 என்று இருந்தால் படத்தின் அகலத்தை 1.33 மடங்கு இழுத்துவிட்டு, வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். அந்த எண் தூரத்துப் பொருளுக்கும் படத்தின் நடுப்பகுதிக்கும் பொருந்தும். பக்கத்தில் நிற்கும் முகத்துக்கு வேறு எண். படத்தின் ஓரத்தில் நிற்கும் மரத்துக்கு இன்னொன்று. வழக்கமான லென்ஸுக்காகச் செய்த திருத்தக் கருவிகள் இதைக் கவனிப்பதில்லை. அதனால்தான் விரித்த பிறகும் படத்தில் ஏதோ சரியில்லை என்ற உறுத்தல் மிச்சமிருக்கிறது. சினிமாவில் அந்தக் காட்சி இரண்டு நொடியில் கடந்துவிடும். ஸ்டில் படத்தைப் பார்ப்பவர்கள் பாட்டியைப் போலக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாகப் பார்ப்பார்கள்.

டம்ளரும் ஸ்கோப் லென்ஸும்

சினிமாஸ்கோப் எனும் அகன்ற திரைப் படம், சுருக்கமாக ஸ்கோப் படம், பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த லென்ஸின் வேலையை விளக்க அதிகம் மெனக்கெட வேண்டாம். நியூஸ் ரீல் ஓடும்போது ஆபரேட்டர் ஸ்கோப் லென்ஸைக் கழற்ற மறந்துவிட்டால், திரையில் தலைவர்கள் எல்லாரும் குட்டையாகவும் பருத்தும் நடப்பார்கள். மெயின் படம் தொடங்கும்போது போட மறந்தால் கதாநாயகன் முருங்கைக்காய் மாதிரி நிற்பான். "லென்ஸைப் போடுங்கய்யா" என்று தரை டிக்கெட்டிலிருந்து சத்தம் வரும். தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமைப் படம் பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் ஞாபகம் இருக்கும். பெயர்கள் ஓடி முடியும்வரை எல்லாரும் நெட்டையாகத் தெரிவார்கள், முடிந்ததும் சரியாகிவிடுவார்கள். பெயர்களின் இரண்டு ஓரமும் வெட்டுப்படக் கூடாது என்பதற்காகச் சுருங்கிய பிம்பத்தை அந்தப் பகுதிக்கு மட்டும் அப்படியே காட்டியதால் வந்த கோலம் அது.

வீட்டிலேயே பார்க்கலாம். கண்ணாடி டம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றி, அதன் பின்னால் ஒட்டினாற்போலச் செய்தித்தாளைப் பிடியுங்கள். எழுத்து பக்கவாட்டில் மட்டும் அகலமாகும், உயரம் மாறாது. டம்ளர் பக்கவாட்டில் வளைந்திருக்கிறது, மேலிருந்து கீழாக நேராக இருக்கிறது. அதனால்தான் இப்படி. அனமார்ஃபிக் லென்ஸின் முன்பகுதியில் இருப்பவையும் உருளையிலிருந்து சீவி எடுத்தது போன்ற கண்ணாடிகள். அவை அகன்ற காட்சியைப் பக்கவாட்டில் மட்டும் அமுக்கி, கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரின் அகலத்துக்குள் திணித்துக் கொடுக்கின்றன. பின்பகுதியில் இருப்பது வழக்கமான வட்ட லென்ஸ். இரண்டு குணமுள்ள கண்ணாடிகள் ஒரே குழலுக்குள் இருக்கின்றன என்பதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் சொல்லப்போகும் எல்லாம் எளிதாகப் புரியும்.

பிரெஞ்சு விஞ்ஞானி ஆன்ரி கிரெத்தியன் 1920களில் ஹைப்பர்கோனார் என்ற பெயரில் சினிமாவுக்கான இந்த லென்ஸை உருவாக்கினார். கால் நூற்றாண்டு கழித்து அதை ஃபாக்ஸ் நிறுவனம் எடுத்துக்கொண்டு 1953-ல் சினிமாஸ்கோப் என்று உலகுக்குக் காட்டியது. அதில் சுருக்கம் 2 மடங்கு. தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் வர 1973 ஆனது. அதற்கு 17 ஆண்டுகளுக்கு முன்பே, 1956-ல், தமிழின் முதல் வண்ணப் படத்தைத் தயாரித்துக் கொடுத்தது டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ். சேலத்திலிருந்து ஏற்காடு போகும் சாலையில் அந்த ஸ்டுடியோவின் நுழைவு வளைவு இன்றும் நிற்கிறது. புது லென்ஸ் கைக்கு வந்தால் நான் முதலில் எடுக்கும் படம் அந்த வளைவுதான். அதன் மேல் உள்ள மரியாதை ஒரு காரணம். அதன் இரண்டு தூண்களையும் படத்தின் இரண்டு ஓரத்தில் வைத்தால் லென்ஸின் குணம் அங்கேயே தெரிந்துவிடும் என்பது இன்னொரு காரணம்.

தியேட்டர்கள் டிஜிட்டலுக்கு மாறியபோது கனத்த பித்தளை உடம்பு கொண்ட ஸ்கோப் லென்ஸ்கள் பழைய இரும்பு விலைக்குப் போயின. அவற்றை வாங்கி கேமரா லென்ஸுக்கு முன்னால் கிளாம்ப் போட்டு மாட்டுகிறவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். 2020-ல் சிருய் நிறுவனத்தின் 50 மி.மீ. 1.33 மடங்கு லென்ஸ் வந்த பிறகு, கல்யாண வேலை செய்கிறவர்கள் கைக்கும் இது எட்டிவிட்டது. இன்று 1.33, 1.5, 1.6, 1.8, 2 எனப் பல சுருக்கங்களில் கிடைக்கிறது.

பொன்னுக்கு வீங்கி

பாட்டியின் கன்னத்துக்கு வருகிறேன். 1950களில் சினிமாஸ்கோப்பில் குளோசப் எடுத்த ஒளிப்பதிவாளர்களும் இதையேதான் பார்த்தார்கள். கிட்டே எடுத்த முகங்கள் திரையில் வீங்கித் தெரிந்தன. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'மம்ப்ஸ்', நம் ஊர்ச் சொல்லில் பொன்னுக்கு வீங்கி. இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

காரணம் சிக்கலானதல்ல. பக்கவாட்டில் எவ்வளவு அமுக்குவது என்பது உருளைக் கண்ணாடிகள் இரண்டின் உறவைப் பொறுத்தது. தூரத்துப் பொருளுக்கு அது லென்ஸில் எழுதியிருக்கும் எண்ணாக இருக்கும். ஃபோகஸைக் கிட்டே கொண்டுவரும்போது அந்த உறவு மாறி, சுருக்கம் குறைந்துவிடும். ஒரு மீட்டரில் லென்ஸ் உண்மையில் 1.24 மடங்குதான் அமுக்கியிருக்கிறது என்று வையுங்கள். நாம் எழுதியிருப்பதை நம்பி 1.33 மடங்கு விரிக்கிறோம். 1.33-ஐ 1.24-ஆல் வகுத்தால் 1.07. முகம் இருப்பதைவிட 7 சதவீதம் அகலமாகிவிட்டது. சுவரை 7 சதவீதம் இழுத்தால் யாருக்கும் தெரியாது. முகத்தை இழுத்தால் அந்த முகத்துக்குச் சொந்தக்காரருக்கு உடனே தெரியும்.

பனாவிஷன் நிறுவனம் 1950களின் பிற்பாதியில் இதற்கு ஒரு வழி கண்டது. வலுக்குறைந்த உருளைக் கண்ணாடிகள் இரண்டை உள்ளே வைத்து, ஃபோகஸைத் திருப்பும்போது அவை எதிரெதிராகச் சுழலும்படி செய்தார்கள். எந்தத் தூரத்தில் நின்றாலும் நடிகரின் முகத்தை லென்ஸ் அமுக்கும் அளவு மாறாது. அவர்களின் லென்ஸுக்கு நடிகர்களிடமும் ஒளிப்பதிவாளர்களிடமும் கிடைத்த மதிப்புக்கு இது ஒரு முக்கியக் காரணம். நம் கையில் இருக்கும் லென்ஸ் எப்படி நடந்துகொள்கிறது என்பதை நாம்தான் அளந்து பார்க்க வேண்டும்.

அளக்க ஒரு எவர்சில்வர் தட்டு போதும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆலை இருக்கும் சேலத்தில் அதற்குப் பஞ்சமில்லை. விளிம்பு நசுங்காத தட்டாகப் பார்த்து, லென்ஸின் உயரத்தில் சுவரில் ஒட்டுங்கள். கேமராவை ஸ்டாண்டில் வைத்து, சுவருக்கு நேராக நிறுத்துங்கள். லென்ஸ் ஃபோகஸ் ஆகும் மிகக் குறைந்த தூரத்தில் ஒன்று, பிறகு ஒரு மீட்டர், ஒன்றரை, இரண்டு, மூன்று, ஐந்து என்று பின்னால் நகர்ந்து எடுங்கள். அதற்கு மேல் தட்டு சின்னதாகிவிடும், அங்கே சைக்கிள் சக்கரத்தை வைத்துக்கொள்ளலாம். கம்ப்யூட்டரில் விரிக்காத படத்தைத் திறந்து தட்டின் உயரத்தையும் அகலத்தையும் பிக்சலில் பாருங்கள். உயரம் 1560, அகலம் 1200 என்றால் அந்தத் தூரத்தில் சுருக்கம் 1.3. ஒரு மத்தியான வேலைதான். கிடைக்கும் ஏழெட்டு எண்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி கேமரா பையில் வைத்தால் அந்த லென்ஸ் இருக்கும்வரை உதவும்.

அதே தட்டைச் சுவரோடு ஒட்டியே நகர்த்தி, படத்தின் ஓரத்துக்குக் கொண்டுபோயும் ஒன்று எடுங்கள். கேமராவைத் திருப்பக் கூடாது, தட்டையும் திருப்பக் கூடாது. பீப்பாய் வளைவு, அதாவது ஓரத்துக் கோடுகளைப் பீப்பாயின் பக்கம் போல வெளிப்புறமாக வளைக்கும் குணம், உள்ள லென்ஸாக இருந்தால் ஓரத்தில் தட்டு இன்னும் ஒல்லியாகியிருக்கும். நடுவில் 1.3 என்றால் ஓரத்தில் அதைவிடக் கூடுதல் எண் வரும். படத்தின் நடுவில் பருமனாக இருப்பவர் ஓரத்துக்கு நடந்து வரும்போது மெலிந்து போவதன் ரகசியம் இதுதான்.

தட்டு வைத்து அளக்காத காலத்தில் எடுத்த படங்களை என்ன செய்வது? பாட்டியின் படத்தில் எனக்கு இந்தக் கேள்வி வந்தது. எத்தனை தூரத்தில் நின்றேன் என்பதே தோராயம்தான். அப்போது படத்தில் பாட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணின் நெற்றியைப் பார்த்தேன். ஸ்டிக்கர் பொட்டு. மெஷினில் வெட்டிய சுத்தமான வட்டம், கேமராவுக்கு நேராக, பாட்டியின் முகம் இருந்த அதே தூரத்தில். விரிக்காத படத்தை 400 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்த்தேன். பொட்டின் உயரம் 77 பிக்சல், அகலம் 62. வகுத்தால் 1.24. அந்த எண்ணில் விரித்ததும் பொட்டு வட்டமானது, பாட்டியின் கன்னமும் வற்றியது. நம் வீட்டுப் படங்களில் இப்படியான வட்டங்களுக்குக் குறைவே இல்லை. பொட்டு, சட்டைப் பித்தான், காதுத் தோட்டின் முகப்பு, சுவர்க்கடிகாரம். முகத்துக்கு நேராகவும் முகத்தின் தூரத்திலும் இருப்பதாகத் தேர்ந்தெடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

காபித் தோட்டத்துக் கோடுகள்

அடுத்தது வளைவு. இதைப் படிக்க ஏற்காட்டின் காபித் தோட்டங்களைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. நிழலுக்காக நட்ட சில்வர் ஓக் மரங்கள் வரிசையாக, கிளையில்லாமல் வெகு உயரத்துக்கு நேராகப் போகின்றன. அகன்ற அனமார்ஃபிக் லென்ஸில் எடுத்து விரித்துப் பார்த்தால், நடுவில் நிற்கும் மரங்கள் நேராக இருக்கும். ஓரத்து மரங்கள் இரண்டு பக்கமும் வெளிப்புறமாக வில் போல வளைந்து, படத்தையே ஒரு பீப்பாய் ஆக்கியிருக்கும்.

மூன்று விஷயங்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மரம் சரிவில் வளர்ந்து தானே சாய்ந்திருக்கலாம். அது மரத்தின் குணம். கேமராவை அண்ணாந்து பிடித்ததால் மரங்கள் மேலே போகப் போக ஒன்றையொன்று நெருங்கலாம். அது பார்வைக்கோணம், எந்த லென்ஸிலும் வரும். இந்த இரண்டிலும் மரம் நேர்கோடாகவே இருக்கும், சாய்ந்த நேர்கோடு. வளைந்திருந்தால் மட்டும்தான் அது லென்ஸின் வேலை. மிளகுக் கொடி ஏறாத மரமாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். கொடி ஏறிய மரத்தில் விளிம்பு எங்கே என்று தெரியாது. திரையில் அந்த மரத்தின் உச்சியிலிருந்து அடி வரை ஒரு நேர்கோடு போடுங்கள். மரம் வில், கோடு நாண். இரண்டுக்கும் நடுவில் அதிகபட்ச இடைவெளி எத்தனை பிக்சல் என்று பாருங்கள். 4000 பிக்சல் உயரப் படத்தில் 40 பிக்சல் இடைவெளி என்றால் 1 சதவீத வளைவு, கண்ணுக்கு நன்றாகத் தெரியும்.

இதை நேராக்கத்தான் எல்லா எடிட்டிங் மென்பொருளிலும் ஸ்லைடர் இருக்கிறதே என்று தோன்றும். அதைத் தள்ளிப் பாருங்கள். ஓரத்து மரங்கள் நிமிரும். ஆனால் படத்தின் மேல்பகுதியில் ஒரு வீட்டின் ஓட்டு விளிம்போ மின்கம்பத்தின் குறுக்குச் சட்டமோ இருந்தால், அது இதுவரை இல்லாத வளைவை எதிர்ப்பக்கம் எடுத்துக்கொள்ளும். கிடைக்கோட்டைச் சரிசெய்யப் பின்வாங்கினால் மரம் மறுபடி வளையும். பலர் இந்த இடத்தில் சலித்துப்போய் விட்டுவிடுகிறார்கள்.

அந்த ஸ்லைடர் வட்ட லென்ஸுக்காகச் செய்தது. குளத்தில் கல் போட்டால் அலை வட்டம் வட்டமாகப் பரவுகிறதே, அதுபோலப் படத்தின் நடுவிலிருந்து எல்லாத் திசையிலும் பிழை ஒரே அளவில் கூடுகிறது என்பது அதன் நம்பிக்கை. நம் லென்ஸில் முன்னால் இருப்பது உருளை. அது பக்கவாட்டில் அகன்ற கோணத்தைப் பார்க்கிறது, மேலும் கீழும் அப்படியில்லை. அதனால் நிற்கும் கோடுகள் வளைவது ஒரு அளவு, படுத்திருக்கும் கோடுகள் வளைவது இன்னொரு அளவு. இரண்டையும் ஒரே ஸ்லைடரால் தீர்க்க முடியாது. சினிமாவில் கிராஃபிக்ஸ் சேர்க்கிறவர்களுக்கு இது பழைய பிரச்சினை. அவர்கள் பயன்படுத்தும் 3டி ஈக்வலைசர் என்ற மென்பொருளில் அனமார்ஃபிக் லென்ஸுக்கென்றே தனிச் சமன்பாடு இருக்கிறது. அகலத்துக்கும் உயரத்துக்கும் வேறு வேறு எண்கள், லென்ஸ் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதற்கும் ஓர் எண். இலவசமாகக் கிடைக்கும் இமேஜ்மேஜிக் என்ற மென்பொருளிலும் பீப்பாய் திருத்தத்துக்கு அகலத்துக்குத் தனியாகவும் உயரத்துக்குத் தனியாகவும் எண் கொடுக்கலாம். கட்டளை எழுதிப் பழகியவர்களுக்கு அதுவே போதும்.

பழகாதவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன், நான் தினமும் செய்வது இதுதான். சாதாரண ஸ்லைடரையே, படத்தை விரிப்பதற்கு முன்னால், சுருங்கிய நிலையில் தள்ளுங்கள். சுருங்கிய படத்தில் ஸ்லைடர் போடும் வட்டங்கள், படத்தை விரித்ததும் பக்கவாட்டில் நீண்ட முட்டை வடிவமாகிவிடும். விளைவு என்னவென்றால், ஓரத்து மரங்களை நிமிர்த்தும் அதே தள்ளலில் கிடைக்கோடுகள் குறைவாகவே அசையும். 2 மடங்கு லென்ஸில், விரித்தபின் தள்ளுவதோடு ஒப்பிட்டால் கிடைக்கோட்டின் அசைவு நாலில் ஒரு பங்குதான். அது போதவில்லை, கிடைக்கோட்டுக்கும் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்றால், படத்தை அரைகுறையாக விரித்து, அந்த நிலையில் ஸ்லைடரைத் தள்ளிவிட்டு, மீதியைப் பிறகு விரிக்கலாம். நிற்கும் கோட்டுக்கு ஸ்லைடர், படுத்த கோட்டுக்கு எந்த அகலத்தில் தள்ளுகிறோம் என்பது. கையில் ஒரே திருகு இருந்த இடத்தில் இரண்டு திருகு கிடைத்த மாதிரி. ஒரு லென்ஸுக்கு ஒரு தடவை கண்டுபிடித்தால் போதும், பிறகு எல்லாப் படத்துக்கும் அதே அளவுகள் ஏறத்தாழப் பொருந்தும்.

கோணல்

மூன்றாவது பிழை பெரும்பாலும் பழைய தியேட்டர் லென்ஸைக் கிளாம்ப் போட்டு மாட்டுகிறவர்களுக்கு வருவது. உருளைக் கண்ணாடியின் அச்சு சென்சாரின் நிற்கும் விளிம்புக்கு இணையாக இல்லாமல் இம்மியளவு திரும்பியிருந்தாலும் படம் கோணலாகிவிடும். சேலத்தில் நெசவு தெரிந்தவர்களுக்குச் சுலபமாகப் புரியும். கட்டம் போட்ட துண்டின் எதிரெதிர் மூலைகளைப் பிடித்து இழுத்தால், பாவும் ஊடையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிற்காது. சதுரக் கட்டமெல்லாம் சாய்சதுரமாகும். இந்த லென்ஸ் செய்வதும் அதுதான். 2 மடங்கு லென்ஸ் 1 டிகிரி திரும்பியிருந்தால், விரித்த படத்தில் நிற்கும் கோடுகள் சுமார் 1 டிகிரி ஒரு பக்கமும், கிடைக்கோடுகள் அரை டிகிரி எதிர்ப்பக்கமும் சாயும். படத்தைச் சுழற்றி ஒன்றை நேராக்கினால் மற்றது இன்னும் கோணும். எத்தனை முறை சுழற்றினாலும் தீராது.

தவிர்ப்பதுதான் நல்லது. இருட்டறையில் செல்போன் டார்ச்சை லென்ஸுக்கு நேராகக் காட்டினால் நீலக் கோடு ஒன்று குறுக்கே ஓடும். அந்தக் கோடு படத்தின் மேல்விளிம்புக்கு இணையாக வரும்வரை லென்ஸைத் திருப்பி, பிறகு திருகை இறுக்குங்கள். ஏற்காட்டில் இரவு தங்க நேர்ந்தால் லேடீஸ் சீட் என்ற காட்சிமுனையிலிருந்து கீழே சேலம் நகர விளக்குகளைப் பாருங்கள். ஒவ்வொரு பளிச் விளக்கும் ஒரு கோடு போட்டுக் காட்டும். ஏற்கெனவே எடுத்துவிட்ட படமாக இருந்தால், விரிப்பதற்கு முன் அந்த நீலக் கோடு கிடையாக வரும்படி படத்தைச் சுழற்றுங்கள், விரியுங்கள், அதன்பிறகு தேவையான அளவு திருப்பிச் சுழற்றுங்கள். சுழற்று, விரி, திருப்பிச் சுழற்று. இந்த வரிசை மாறினால் கோணல் போகாது. பனோரமா ஒட்டுவதற்கான ஹ்யூகின் என்ற இலவச மென்பொருளில் கோணலுக்கென்றே இரண்டு எண்கள் இருக்கின்றன. கணக்கில் ஆர்வம் உள்ளவர்கள் அந்த வழியிலும் போகலாம்.

எது முதலில்

கேமரா பதிந்த மூல ஃபைலான ரா ஃபைலில் வெளிச்சம், நிறம், ஓரத்து நிறப்பிசிறு, நாய்ஸ் (புள்ளிப் புள்ளியான பிசிறு) இவற்றை முதலில் முடித்துவிட்டு, தரம் குறையாத 16 பிட் டிஃப் ஃபைலாக வெளியே எடுத்துக்கொள்கிறேன். பிறகு கோணல் இருந்தால் சுழற்றல், சுருங்கிய நிலையில் வளைவு, அதன் பின் விரிப்பு. ஷார்ப்பன், அதாவது விளிம்புகளைக் கூர்மையாக்குவது, கடைசியில்தான். விரிப்பதற்கு முன் ஷார்ப்பன் செய்தால் விளிம்புகளில் வரும் வெள்ளைக் கோடும் சேர்ந்து அகலமாகிவிடும், முடியும் புருவமும் முரடாகத் தெரியும்.

6000-க்கு 4000 பிக்சல் படத்தை 1.33 மடங்கு விரித்தால் 7980-க்கு 4000 வரும். அகலத்தில் கூடிய பிக்சல்கள் மென்பொருள் ஊகித்துப் போட்டவை. வேண்டாம் என்றால் அகலத்தை அப்படியே விட்டு உயரத்தை 3008-க்குக் குறைக்கலாம். வடிவம் ஒன்றுதான், படம் இன்னும் கூர்மையாகத் தெரியும், ஆனால் மொத்தப் பிக்சல் 2.4 கோடியிலிருந்து 1.8 கோடியாகக் குறையும். பெரிய பிரிண்டுக்கு முதல் வழி, போனில் அனுப்ப இரண்டாவது வழி என்று வைத்திருக்கிறேன். ஃபோட்டோஷாப்பில் அகல உயரப் பூட்டை எடுத்துவிட்டு இமேஜ் சைஸில் மாற்ற வேண்டும், கிம்ப் என்ற மென்பொருளில் சங்கிலிப் படத்தைத் தட்டி உடைத்துவிட்டு மாற்ற வேண்டும். ஃபோட்டோஷாப்பில் பிக்சல் ஆஸ்பெக்ட் ரேஷியோ என்று ஒன்று இருக்கிறது, அனமார்ஃபிக் 2:1 என்றே அதில் எழுதியிருக்கும். அது திரையில் காட்டும் விதத்தைத்தான் மாற்றுகிறது, பிக்சல்களைத் தொடுவதில்லை. நம்பி அந்த ஃபைலை லேபுக்கு அனுப்பினால் எல்லாரும் முருங்கைக்காயாகப் பிரிண்ட் ஆகி வருவார்கள். கேமராவை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படமாக இருந்தால் சுருக்கம் உயரத்தில் இருக்கும், அப்போது உயரத்தைத்தான் விரிக்க வேண்டும்.

எங்கே நிறுத்துவது

எல்லாக் கோட்டையும் முழுக்க நேராக்கிவிட வேண்டும் என்று ஒரு காலத்தில் நினைத்தேன். அந்த நிச்சயதார்த்தத்தின் குரூப் படம் அதை மாற்றியது. ஏரிக்கரையில் இருபது பேர் ஒரே வரிசையில் நின்றிருந்தார்கள். பின்னால் இருந்த கம்பி வேலி வளைந்திருந்தது, அதை நூல் பிடித்த மாதிரி நேராக்கினேன். வேலி நேரானது. இரண்டு ஓரத்திலும் நின்ற மாமாக்களின் தலை பக்கவாட்டில் பூசணிப்பிஞ்சு போல நீண்டுவிட்டது.

இது லென்ஸின் குறையல்ல, வடிவியல். தட்டையான படத்தில் எல்லா நேர்கோடும் நேராகவே விழ வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால், ஓரத்தில் இருக்கும் உருண்டையான பொருள்கள் வெளிப்பக்கமாக இழுபடும். 36 மி.மீ. அகல சென்சாரில் 50 மி.மீ. 1.33 மடங்கு லென்ஸ் போட்டால் படத்தின் விளிம்பில் இந்த இழுவை சுமார் 11 சதவீதம். 35 மி.மீ. லென்ஸில் சுமார் 21. லென்ஸில் இயல்பாக உள்ள பீப்பாய் வளைவு ஓரத்தை ஒல்லியாக்குகிறது என்று முன்னே பார்த்தோம். அந்த ஒல்லியும் இந்த இழுவையும் ஒன்றையொன்று ஈடுகட்டி, ஓரத்து முகங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தன. நான் வளைவை முழுக்க எடுத்தபோது அந்தக் காவலையும் சேர்த்து எடுத்துவிட்டேன்.

அதனால் இப்போது மனிதர்கள் ஓரத்தில் நிற்கும் படத்தில் வளைவைப் பாதிக்கு மேல் எடுப்பதில்லை. ஏரிக்கரை வேலி கொஞ்சம் வளைந்தே இருக்கட்டும், அதைப் பற்றி யாரும் கேட்டதில்லை. மரம், கட்டடம், மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவு வளைவு போன்ற படங்களில் முழுக்க நேராக்குகிறேன். பின்னணியில் முட்டை வடிவமாகத் தெரியும் விளக்குப் புள்ளிகளையும் குறுக்கே ஓடும் நீலக் கோட்டையும் திருத்த நினைக்க வேண்டாம். இந்த லென்ஸை வாங்கியதே அவற்றுக்காகத்தான். ஓரத்தில் நிற்கிறவர்களை அரை அடி உள்ளே வரச் சொல்லிவிட்டு எடுத்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

ஆல்பத்துக்கு ஒரு விஷயம். நம் ஊர்க் கல்யாண ஆல்பங்களில் விரித்த இரண்டு பக்கம் சேர்ந்து 12-க்கு 36 அங்குலம், அதாவது 3:1. சாதாரணக் கேமராவின் 3:2 படத்தை 2 மடங்கு லென்ஸில் எடுத்து விரித்தால் மிகச் சரியாக அதே 3:1 வருகிறது. மேலும் கீழும் ஒரு பிக்சல் வெட்ட வேண்டாம். 1.33 லென்ஸில் 2:1 தான் வரும், 7980-க்கு 4000 படத்தில் உயரத்தை 2660-க்கு வெட்டியாக வேண்டும். அதனால் எடுக்கும்போதே தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் தாராளமாக இடம் விடுங்கள். வளைவைத் திருத்தும்போது ஓரங்களில் கொஞ்சம் வெட்டுப்படும், அதற்கும் இடம் வேண்டும். ஆல்பத்தின் மடிப்பு படத்தின் நட்டநடுவில் விழும். பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் ஒரு கையகலம் இடைவெளி விட்டு நிற்கச் சொல்லுங்கள். விரித்து, திருத்தி, பிரிண்டுக்குப் போன பிறகு அவர்களை நகர்த்த முடியாது.